வலது லேன் அக்கா

அக்காவின் முகத்தை விட அவருடைய பிடரிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு குளிர்காலம் முழுக்க நான் பின்சீட்டில் இருந்து பார்த்துக்கொண்டு போனது அதைத்தான். மண்ணிறக் கம்பளித் தொப்பி, அதற்குக் கீழே இறுக்கி முடிந்த ஒரு சின்னக் கொண்டை, வலது காதில் கொஞ்சம் வளைந்துபோன தோடு. முன்னால் போகும் லொறியின் பின்விளக்கு வெளிச்சம் பட்டால் அந்தத் தோடு சிவப்பாகும். எந்த நேரமும் முன்னால் ஒரு லொறி இருந்தபடியால் அது பெரும்பாலும் சிவப்பாகவே இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. குவெல்ஃப் பக்கம், மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நாங்கள் இருந்தது ஸ்காபரோவில், மில்லிக்கன் பகுதியில். போக நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, வர அவ்வளவு. கேட்டவர்கள் எல்லாரும் “உனக்கென்ன விசரா?” என்றார்கள். விசர் இல்லை. கனடா வந்து மூன்று வருடத்தில் ஏஜென்சி மூலம் ஐந்து இடத்தில் வேலை செய்துவிட்டேன். ஏஜென்சி வேலை என்றால், நாளைக்கு வர வேண்டாம் என்பதை இன்றைக்குப் பின்னேரம் ரெலிபோனில் சொல்வார்கள். இந்தத் தொழிற்சாலை ஆட்களை நேரடியாக எடுத்தது. ஆறு மாதம் புரொபேஷன். அதை ஒழுங்காக முடித்தால் பெர்மனன்ட். அந்தச் சொல்லுக்காக நான் நயாகராவுக்கும் போய் வந்திருப்பேன்.

ஒரேயொரு சிக்கல். அந்த ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பிந்தி வந்தால் கதை முடிந்தது. என் கணவர் விமான நிலையத்தில் விடிகாலை வேலைக்குப் போகிறவர். போகிற வழியில் என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார். அங்கிருந்து இரண்டு பஸ். முதல் பஸ் பிந்தினால் இரண்டாவது காத்திருக்காது. ஒக்டோபர் மாதம் முடியுமுன்னே நான் இரண்டு முறை பிந்திவிட்டேன். இன்னும் ஒரு முறை பிந்தினால் மறுபடியும் ஏஜென்சிதான்.

அன்று சாப்பாட்டு அறையில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தபோதுதான் எதிர் மேசையில் இருந்த அக்கா, வாயில் இருந்ததை மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, போத்தலை மூடி, அதற்குப் பிறகு கேட்டார்.

“நீ மில்லிக்கன் பக்கமாமே? நானும் அங்கதான் இரிக்கன். என்னோட வாகா.”

அக்கா மட்டக்களப்பு. அந்தக் ‘கா’ அவர்கள் ஊரில் பெண்களைக் கூப்பிடும் செல்லச் சொல். நான் யாழ்ப்பாணம். வயதில் என்னை விடப் பத்து வயது மூப்பு இருக்கும். அந்தத் தொழிற்சாலையில் எட்டு வருடமாக வேலை செய்கிறவர். எப்போதோ பெர்மனன்ட் ஆனவர்.

அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு அவருடைய காரில் ஏறினேன். சாம்பல் நிறக் கார். பதின்மூன்று வயது. ஹைபிரிட், பெற்றோலிலும் ஓடும், பற்றரியிலும் ஓடும். அக்கா ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை.

“அக்கா, ஸ்டார்ட் வரேல்லைப் போல.”

“வந்திட்டுகா.”

“சத்தம் ஒண்டும் கேக்கேல்லையே?”

“மறுகா போடும்.”

மறுகா என்றால் பிறகு. மட்டக்களப்பில் எல்லாரும் சொல்லும் சொல்தான். ஆனால் அக்கா சொல்லும்போது அந்தப் பிறகு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. நானோ எட்டு மாதத்தில் பிறந்தவள். மற்ற ஒரு மாதம் உனக்குப் பொறுக்கவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. எங்கள் இரண்டு பேரையும் ஒரே காருக்குள் அடைத்தது யாருடைய குறும்போ தெரியாது.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறினால் அக்கா, இந்த நாட்டில் மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓர லேனைப் பிடிப்பார். பிடித்தால் பிடித்ததுதான். குவெல்ஃபுக்குக் கிறுகும் இடம் வரைக்கும் அந்த லேனை விட்டு அசைய மாட்டார். தொண்ணூறு கிலோமீற்றர் வேகம். அதற்கு ஒன்று கூடாது, ஒன்று குறையாது. முன்னால் ஒரு பெரிய லொறி கிடைத்துவிட்டால் சந்தோஷத்தில் ஆளுக்குப் புளுகம் தாங்காது.

“அவன் எங்களுக்காகக் காத்த வெட்டிக் குடுக்கான்கா. எவ்வளவு புண்ணியம்.”

எங்களோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு அண்ணையும் வந்தார். முன்சீட்டு அவருடையது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகையோடு வேலையில் இருந்து ஓய்வு பெற இருந்தவர். ஒவ்வொரு நாளும் காரில் ஏறிப் பெல்ட் போட்டதும், “இண்டைக்கு இது நிண்டுடும்” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்குப் பயணம் தொடங்காது. சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார். இடைக்கிடை விழித்து நிலவரம் சொல்வார்.

“பிள்ளை, இப்ப எங்களை முந்திப் போனது ஸ்கூல் பஸ்.”

“போகட்டும் அண்ணன். சின்னப் புள்ளையள், பிந்தப்படா.”

“அதுக்குள்ளை பிள்ளையள் ஒண்டும் இல்லை. வெறும் பஸ்.”

“அப்ப றைவர் வீட்ட போறாராக்கும்.”

நான் பின்சீட்டில் இருந்து வலது காலால் கால்மிதியை அமத்திக்கொண்டே போவேன். ஒருநாள் அண்ணை திரும்பிப் பார்த்து, “பின்சீட்டுக்கு அக்சலேற்றர் வைக்கேல்லை பிள்ளை, வீணாக் கால் நோகப்போகுது” என்றார்.

காரின் நடுவில் ஒரு சின்னத் திரை இருந்தது. அக்சலேற்றரில் இருந்து காலை எடுத்துக் காரை உருட்டவிட்டால், சில்லில் இருந்து பற்றரிக்கு மின்சாரம் ஏறுவதாக ஒரு அம்புக்குறி அதில் ஓடும். அந்த அம்புக்குறி அக்காவுக்குத் தொலைக்காட்சி நாடகம் மாதிரி. சிவப்பு விளக்கு எங்கோ தொலைவில் தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். கார் தன்பாட்டில் உருண்டு உருண்டு போகும். அதற்குள் விளக்கு இரண்டு தரம் பச்சையாகி மறுபடி சிவப்பாகும். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். அக்கா கையை உயர்த்தி ஆட்டுவார். அவன் தனக்குக் காலை வணக்கம் சொல்கிறான் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார் என்பது என் சந்தேகம்.

ஆனால் ஒன்று. நாங்கள் பிந்தவில்லை. ஒரு நாள்கூட இல்லை. ஏழு மணி வேலைக்கு ஆறே முக்காலுக்கு வாசலில் நிற்போம். என்னைப் போல நாலே முக்காலுக்கு எழும்பி ஓடுகிற ஆளில்லை அவர். நான்கு மணிக்கே எழும்பிவிடுவார்.

“அவசரப்படுறதெண்டா படுக்கையில வச்சி அவசரப்படோணும். றோட்டுல வச்சிப் படப்படா” என்பார்.

காரில் மட்டும் அல்ல, எதிலும் அதே வேகம்தான். அரை மணித்தியாலச் சாப்பாட்டு நேரத்தில் மீன் கொண்டுவந்து, முள்ளெல்லாம் எடுத்து டப்பா மூடியில் வரிசையாக வைத்து, கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போது மணி அடிக்கும். சரியாக அந்த நேரம்தான். கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்கிறவரிடம் இரண்டு சாமான் இருந்தால் முன்னால் விட்டுவிடுவார். அவருக்குப் பின்னால் நிற்கிறவரையும் விடுவார். கோயிலில் அவருடைய அர்ச்சனைத் தட்டுத்தான் எப்போதும் கடைசி. ரெலிபோன் பத்துத் தரம் அடித்த பிறகுதான் எடுப்பார். எடுத்ததும், “ஆரும் அவசரமெண்டா மறுபடி எடுப்பாங்கதானே” என்று எடுத்தவரிடமே சொல்வார். தொழிற்சாலையில் ஓடும் பட்டியில் நாங்கள் எல்லாரும் பறந்து பறந்து அடைத்த பெட்டிகளில் பிழை பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அக்காவின் பெட்டி திரும்பி வந்து நான் கண்டதில்லை.

அதே கொம்பனிக்கு மார்க்கம் என்கிற பக்கத்து நகரில் ஒரு சின்னக் களஞ்சியம் இருந்தது. அக்காவின் வீட்டில் இருந்து பத்து நிமிடம். அங்கே மாற்றம் கேட்டு மூன்று வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று வருடமாக ஒருவரும் பதில் போடவில்லை. நான் என்றால் ஒவ்வொரு கிழமையும் மேலாளரின் கதவைத் தட்டியிருப்பேன். “கேட்டாச்சிதானே, வாற நேரம் வரும்” என்பார் அக்கா.

குளிர் தொடங்கியதும் காருக்கும் அவர் ஆயத்தம் செய்தார். தண்ணீர்க் குழாய்க்கு மேல் போடும் கறுப்பு ஸ்பொஞ்ச் குழல் வாங்கி, அளவாக வெட்டி, காரின் முன்பக்கக் கம்பிகளுக்கு இடையில் ஒவ்வொன்றாகச் செருகினார். குளிர் காத்து உள்ளே போனால் என்ஜின் சூடாக நெடுநேரம் எடுக்குமாம், பெற்றோல் குடிக்குமாம். ஒரு சனிக்கிழமை முழுக்க அந்த வேலை நடந்தது.

“காருக்கும் தடிமன், சளி வரும்தானேகா” என்றார்.

நத்தாரோடு அண்ணை ஓய்வு பெற்றுப் போனார். கடைசி நாள் இறங்கும்போது காரின் கூரையைத் தட்டி, “நான் இறங்கின பிறகு நிண்டா எனக்கென்ன” என்றார். அதற்குப் பிறகு காரில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் நான் பின்சீட்டிலேயே இருந்தேன். முன்னுக்கு வந்தால் வேகமானியைப் பார்த்துப் பார்த்துச் சண்டை பிடிப்பேன் என்று அக்கா என்னை விடவில்லை. முன்சீட்டில் பனி அள்ளும் சவளும், கம்பளியும், தேத்தண்ணிப் பிளாஸ்கும் ஏறிக்கொண்டன.

ஜனவரி நடுவில் ஒரு கடும் குளிர் வந்தது. மைனஸ் இருபத்தேழு. மூக்கு மயிர் உறைந்துபோகிற குளிர். நான் அக்காவின் வீட்டு வாசலுக்கு நடந்து போனபோது அவர் காருக்குள் இருந்தார். பொத்தானை அழுத்தினார். வழக்கம்போலச் சத்தம் இல்லை. ஆனால் இந்த முறை திரையிலும் வெளிச்சம் இல்லை.

அந்தக் காருக்கு இரண்டு பற்றரி. ஓட்டுகிற பெரிய பற்றரி ஒன்று. அதை எழுப்பிவிடுகிற சின்னப் பற்றரி ஒன்று. சின்னது செத்துவிட்டால் பெரியது எத்தனை பலமாக இருந்தாலும் ஒன்றும் நடக்காது. சின்னது குளிரில் செத்துவிட்டது.

அக்கா இறங்கினார். பக்கத்து வீட்டுச் சீனக்காரரின் கதவை இரண்டு தரம் மெதுவாகத் தட்டினார். அவர் உடுத்து, சப்பாத்துப் போட்டு, தன் காரின் பனியைத் துடைத்து, கேபிள் தேடி எடுத்துவர வேண்டும். அதுவரை அக்கா என்ன செய்தார் தெரியுமா? பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி வார்த்து என்னிடம் நீட்டினார்.

நான் வெடித்துவிட்டேன்.

“தேத்தண்ணியா? அக்கா, ஐஞ்சேகால் ஆகுது! உங்களுக்கென்ன, நீங்கள் பெர்மனன்ட். பிந்திப் போனாலும் உங்களை ஒருத்தரும் கேக்க மாட்டினம். நாளைக்கு நிறுத்தினா என்னைத்தான் நிறுத்துவினம். இந்தப் பழஞ்சாமானை நம்பி வந்தன் பாருங்கோ, என்னைச் சொல்லோணும்!”

அக்கா தேத்தண்ணியைத் திரும்ப வாங்கித் தானே குடித்தார். சீனக்காரர் வந்து கேபிள் கொழுவி பூஸ்ற் கொடுத்தார். திரை வெளித்தது. ஐந்து இருபத்தைந்துக்குப் புறப்பட்டோம். இன்றைக்காவது இடது லேனுக்கு மாறுவார் என்று பார்த்தேன். மாறவில்லை. தொண்ணூறிலேயே போனார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தேன். வழி நெடுக இடது லேனில் வழுக்கிக் கரையொதுங்கிய கார்களை எண்ணினேன், ஏழு. ஆறு ஐம்பத்தெட்டுக்கு நான் வரவு அட்டையை இழுத்தபோது மெஷின் பச்சையாக மின்னியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அக்கா சின்னப் பற்றரியைக் கழற்றி, துவாயில் சுற்றி, வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார். சாமித்தட்டுக்குக் கீழேதான் ஹீற்றரின் சூடு நன்றாக வரும் என்று அங்கே வைப்பார். கனடாவில் பிறந்த மகள் தலையில் கைவைத்தாள்.

“அம்மா, சீரியஸ்லி? பிள்ளையாருக்குப் பக்கத்தில கார் பற்றரியா?”

“அவரும்தானே எங்கட காரைப் பார்க்கிறார்” என்றார் அக்கா.

நான் கத்தியது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது. அவசரக்காரிகளுக்குக் கோபம் வருகிற வேகத்தில் மன்னிப்பு வருவதில்லை. அதனால் ஒரு பரிசு வாங்கினேன். எங்கள் ஆட்கள் எதையும் மூடிவைத்தால்தான் அது நெடுநாள் இருக்கும் என்று நம்புகிறவர்கள். ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை, சோபாவுக்கு விரிப்பு, விரிப்பு ஊத்தையாகாமல் இருக்க மேலே இன்னொரு விரிப்பு. அந்தக் காரின் பின்சீட்டுக்கு மட்டும் ஒன்றும் இல்லாதது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே இருந்தது. வோபர்ன் பக்கத்து ஒரு கடையில் பஞ்சு பஞ்சாக உரோமம் நிற்கிற, அரக்குச் சிவப்பு நிற சீட் கவர் ஒன்று வாங்கினேன். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை அதை என் கையாலேயே இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் சீட்டைச் சுற்றிச் செருகினேன். சீட்டின் வலது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக ஒரு துவாரம் இருந்தது. ரேடியோ ஸ்பீக்கர் என்று நினைத்தேன். சத்தம்தானே, துணிக்குள்ளாலும் கேட்கும் என்று அதையும் சேர்த்து மூடினேன்.

“ராசாத்தி வீட்டுச் சீட்டு மாதிரி இரிக்கு” என்றார் அக்கா. அவருடைய முகத்தில் நிசமான சந்தோஷம். என் மனம் ஆறியது.

பெப்ரவரி கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது திரையில் சிவப்பு முக்கோணம் ஒன்று வந்தது. நடுவில் ஆச்சரியக்குறி. கார் இழுபட்டது. தொண்ணூறு எழுபதானது, எழுபது அறுபதானது. அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு ஒருமாதிரி வீடு வந்து சேர்ந்தோம். என் புரொபேஷன் முடிய இன்னும் ஐந்து கிழமை இருந்தது.

பக்கத்தில் இருந்த மெக்கானிக் கணினியைக் கொழுவிப் பார்த்துவிட்டு, பெரிய பற்றரி முடிந்துவிட்டது என்றார். புதுப் பற்றரியின் விலைக்கு இதைப்போல இன்னொரு பழைய காரே வாங்கலாமாம். அக்கா அவருக்கு நன்றி சொன்னார். அடுத்த நாள் காலை இரண்டாவது மெக்கானிக். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. “அக்கா, ஸ்கிராப்புக்குக் குடுத்திட்டு வேறை வேலையைப் பாருங்கோ” என்றார்.

“மறுகா யோசிப்பம்” என்றார் அக்கா.

“இனி என்ன அக்கா யோசிக்கிறது? ரெண்டு பேர் சொல்லியாச்சு!” என்றேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை எப்படிப் போவது என்பதைத் தவிர வேறு ஒன்றும் மண்டைக்குள் இல்லை.

“ரெண்டு பேரும் ஐஞ்சு நிமிசத்துல சொல்லிட்டாங்ககா. கொஞ்சம் மெதுவாப் பார்க்கிற ஒரு ஆள் வேணும்.”

அப்படி ஒரு ஆள் வோபர்னில் இருந்தார். பிளாசாவுக்குப் பின்னால் ஒரு கராஜ். எங்கள் ஆள்தான், முப்பது வயதிருக்கும். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பின்கதவைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

“இதை ஆர் போட்டது?”

நான் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“நான்தான் தம்பி போட்டன்” என்றார் அக்கா.

அவர் கவரை உருவி எடுத்தார். நான் ஸ்பீக்கர் என்று நினைத்த துவாரத்தை விரலால் தட்டினார். உள்ளே அரக்குச் சிவப்பு நிறத்தில் தும்பு அப்பியிருந்தது. பற்றரி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சூடாகாமல் இருக்க அதன் காத்தாடி இந்தத் துவாரத்தால்தான் காற்றை இழுக்கிறது.

“பற்றரி மூச்சு விடுறது இதுக்குள்ளாலை அக்கா. நீங்கள் அதின்ரை வாயையும் மூக்கையும் பொத்தி வைச்சிருக்கிறியள்.”

“அவ இல்லை!” என்று நான் கத்திவிட்டேன். “நான்தான் போட்டனான். நானே வாங்கி நானே செருகினனான். அவவுக்கு ஒண்டும் தெரியாது.”

மெக்கானிக் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்பும் மெதுவாகத்தான் வரும். முதலில் தோள் குலுங்கும், பிறகு கொண்டை குலுங்கும், கடைசியில்தான் சத்தம் கேட்கும். அன்று சத்தம் கேட்டபோது கராஜில் நின்ற மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை. காத்தாடியைக் கழற்றித் தும்பெல்லாம் ஊதி எடுத்துப் பூட்ட ஒரு மணித்தியாலம் போனது. பொத்தானை அழுத்தியபோது முக்கோணத்தைக் காணவில்லை.

“அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன். “உதுக்கும், அண்டைக்குக் கத்தினதுக்கும்.”

அக்கா மெக்கானிக்கிடம் கத்தரிக்கோல் வாங்கி, துவாரம் வரும் இடத்தில் கவரை வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நல்ல கவர்கா. ஓட்டை ஒண்டுதான் குறைஞ்சி போச்சி.”

அந்தத் திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு வாசலில் நின்றோம். அதற்கு அடுத்த ஐந்து கிழமையும் நின்றோம். மார்ச்சில் இரண்டு முறை பெரும் பனி கொட்டியது. ஒரு முறை அக்கா மூன்றரைக்கே வந்து என் வீட்டு மணியை அடித்தார். உப்பு லொறிக்குப் பின்னால், வலது லேனில், ஐம்பதில் போனோம். நான் கால்மிதியை அமத்தவில்லை. வேகம் பிடிக்கவில்லை என்ற குறை எனக்கு அப்போது போய்விட்டது. அந்த வளைந்த தோட்டைப் பார்த்துக்கொண்டு போனால் பயம் தெளிந்துவிடும்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை. வேலை முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டார். பிலிப்பைன்ஸ்காரி, நல்ல மனுசி, பகிடியும் சிரிப்பும் தெரிந்தவர். கடிதத்தை நீட்டினார். பெர்மனன்ட். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். புதியவர்களுக்குக் காலை ஷிப்ட் மட்டும்தான்; இனி நான் விரும்பினால் பின்னேர ஷிப்டுக்கும் மாறலாம் என்றார். பின்னேர ஷிப்டில் ஸ்காபரோவில் இருந்து எங்கள் ஆட்கள் பத்துப் பேருக்கு மேல் வருகிறார்கள். யாருடைய காரிலும் தொற்றிக்கொள்ளலாம். எனக்கு வானத்தில் பறப்பது போல் இருந்தது.

“இனி உன் அக்காவையும் விட்டுவிடலாம்” என்றார் சூப்பர்வைசர்.

“எங்கே விடுவது?”

“மார்க்கத்துக்குத்தான், திங்கட்கிழமை அங்கே தொடங்குகிறாள். மாற்றம் ஜனவரி முதல் கிழமையே வந்துவிட்டதே. உன் கடிதம் வந்த பிறகுதான் போவேன் என்று நின்றுவிட்டாள். அங்கே அந்த இடத்தை மூன்று மாதம் வைத்திருக்கச் சொல்லி நான் எத்தனை பேரிடம் கெஞ்சினேன் தெரியுமா? அவள் உனக்குச் சொல்லவில்லையா?”

சொல்லவில்லை. ஜனவரி முதல் கிழமை. நான் மைனஸ் இருபத்தேழில் நின்று, உங்களுக்கென்ன என்று கத்தியது அதற்குப் பிறகு. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த பத்து நிமிடப் பயணத்தை மடித்து வைத்துவிட்டு, அந்தக் குளிரில், அந்தக் காரில், ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீற்றர். இரண்டு மெக்கானிக் ஸ்கிராப்புக்குக் கொடு என்று சொன்ன பிறகும். அவருக்கு அந்தக் காரும் தேவையில்லை, அந்த றோட்டும் தேவையில்லை. எனக்குத்தான் தேவை.

கார் தரிப்பிடத்துக்கு ஓடினேன். எனக்குச் சந்தோஷமா, கோபமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து வந்தால் எனக்கு வாய்தான் முதலில் திறக்கும். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்ததும் கத்தினேன்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை? மூண்டு மாசமா ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் உங்களுக்கு ஆர்? சொந்தமா, ஊரா? என்னத்துக்கு இப்பிடிச் செய்தனீங்கள்?”

அக்கா என் கையில் இருந்த கடிதத்தை வாங்கினார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். முதல் எழுத்தில் இருந்து கையெழுத்து வரைக்கும் வாசித்தார். மடித்து என்னிடம் தந்தார்.

“சொல்லியிருந்தா நீ என்னகா செய்திருப்பாய்? ‘எனக்காக நிக்க வேண்டாம், நீங்க போங்கோ அக்கா’ எண்டு பெரிய மனுசி மாதிரிச் சொல்லிப்போட்டு, அடுத்த நாளே பஸ்ஸுல ஏறியிருப்பாய். ஒரு கிழமையில வேலை போயிருக்கும்.”

உண்மைதான், அப்படித்தான் செய்திருப்பேன். சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்லி, அதே பஸ்ஸில் ஏறி, பிந்திப் போய், ஏஜென்சியின் ரெலிபோனுக்கு மறுபடி காத்திருந்திருப்பேன். ஐந்து மாதத்தில் என்னை இவ்வளவு அறிந்துவைத்த மனுசி வேறு யாரும் இல்லை.

அக்கா பொத்தானை அழுத்தினார். நெடுஞ்சாலையில் ஏறி வலது லேனைப் பிடித்தார். வெள்ளிக்கிழமைப் பின்னேரம், வழியில் மிசிசாகா தொடங்கி வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. பக்கத்தில் வந்த ஒவ்வொரு காரையும் அக்கா முன்னால் விட்டார். அன்று மில்லிக்கன் வந்து சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. எனக்கு அது போதவில்லை.